இணைய அங்காடியும் நம் அச்சமும்

விடியற்காலையில் பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் படகுகள் கரையேறும் வேளையில் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். மீன் வாங்க வந்த பெண்மணி கூடையருகே குனிகிறார். செவுளைத் தூக்கி நிறம் பார்க்கிறார். கண் தெளிந்திருக்கிறதா என்று நோக்குகிறார். சதையை விரலால் அழுத்தி, பள்ளம் நிற்கிறதா, மீண்டும் எழும்புகிறதா என்று சோதிக்கிறார். அதன் பின்னரே விலை கேட்கிறார். அவரை ஏமாற்றவல்ல வியாபாரி இந்தக் கரையில் இன்னும் பிறக்கவில்லை.

அதே பெண்மணியிடம் மாலையில் அவருடைய மகன் கைப்பேசியை நீட்டி, "அம்மா, இந்தப் புடைவையை வாங்கலாமா?" என்று கேட்டால் கலங்கிவிடுகிறார். "வேண்டாம் தம்பி, காசு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?" என்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, பெரிய பைகளைச் சுமந்த மோட்டார் சைக்கிள்கள் நாள்தோறும் பார்சல்களைக் கொண்டுவந்து தந்துகொண்டேயிருக்கின்றன. ஊரில் ஒரு சாரார் அஞ்சி விலகி நிற்கின்றனர். மற்றொரு சாரார் அச்சமே இன்றி அகப்பட்டதையெல்லாம் வாங்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அதனை நம் அங்கத்தினர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சம் புதிதன்று

காணாத கடையில், காணாத சரக்கை, காணாத வியாபாரியிடம் வாங்குவது நம் நாட்டிற்குப் புதிய அனுபவம் அன்று. 1877ஆம் ஆண்டிலேயே இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. 1880இல் மணியார்டரும் வந்தது. நகரத்துக் கடைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால் புத்தகமோ, கடிகாரமோ, மருந்தோ வீடு தேடி வரும். தபால்காரரிடம் பணத்தைச் செலுத்திப் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அப்போதும் நம் பாட்டனார் அஞ்சினார். உள்ளே இருப்பது கேட்ட பொருள்தானா என்பது பிரித்த பிறகுதானே தெரியும்!

கூட்டுறவு இயக்கம் பிறந்ததே இத்தகைய அச்சத்திலிருந்துதான் என்பதை நாம் மறத்தலாகாது. 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தனர். அந்நாளில் மாவிலும் சர்க்கரையிலும் கலப்படம் மலிந்திருந்தது. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை என்பதே அக்கடையின் நாணயம். சந்தையைக் கண்டு அஞ்சிய மக்கள் சந்தையை விட்டு ஓடவில்லை. ஒன்றுகூடி அதனை ஒழுங்கு செய்தனர். நமக்கு அவர்கள் விட்டுச் சென்ற பாடம் இதுவே.

இணையவழிக் கொள்முதலும் இயலாதவர்களுக்கு உதவியாகவே தொடங்கியது. 1984ஆம் ஆண்டு அதே இங்கிலாந்தில், கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில், ஜேன் ஸ்நோபால் என்னும் 72 வயது மூதாட்டி தம் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வாயிலாக முட்டையும் பிற உணவுப் பொருள்களும் வரவழைத்தார். வீட்டிலிருந்தபடியே வாங்கிய முதல் இல்லத்தரசி அவரே என்பர். கடைக்கு நடக்க இயலாத முதியோருக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. கருவி தீயதன்று, அதனைக் கையாளும் முறையிலேயே நன்மையும் தீமையும் இருக்கின்றன.

என் வீட்டில் நடந்தது

பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் குறையை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன்னர், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, என் கைப்பேசியில் ஒரு விளம்பரம் தோன்றிற்று. "அசல் கைத்தறிப் பட்டு, கடை மூடப்படுவதால் விலை 699 ரூபாய், இன்றிரவு 12 மணி வரை மட்டும்" என்று அதில் கண்டிருந்தது. கீழே ஒரு கடிகாரம் நிமிடங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது.

பட்டு நூல் என்ன விலை, பாவு ஓட்ட எத்தனை நாள், ஒரு புடைவைக்கு நெசவாளிக்கு என்ன கூலி என்பதையெல்லாம் அறிந்தவன் நான். 699 ரூபாய்க்கு நூல்கூடக் கிடைக்காது என்று என் அறிவு சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஓடிய கடிகாரம் அறிவை ஓடவிடவில்லை. பணத்தைச் செலுத்திவிட்டேன். ஒரு வாரங்கழித்து வந்த புடைவையின் முந்தானையிலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டினேன். பட்டாக இருந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும். பருத்தியாக இருந்தால் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். அந்த இழை உருகி, உருண்டு, கெட்டி மணியாயிற்று, பாலியெஸ்டர்! விளம்பரத்தில் கண்ட எண்ணை அழைத்தேன், பதில் இல்லை. அந்தப் பக்கமும் மறைந்துவிட்டது.

நான் செய்த பெரும்பிழை அதற்கு மேல்தான். 'தறியை அறிந்தவன் ஏமாந்தான் என்றால் ஊர் சிரிக்குமே' என்று வாய் திறவாதிருந்துவிட்டேன். இரண்டு வாரங்கழித்து அடுத்த வீட்டு அம்மையார் ஒரு பொட்டலத்துடன் வந்தார். வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில், மகளுக்காக, அதே படத்தைப் பார்த்து, அதே விலைக்கு வாங்கியிருந்தார். "அண்ணே, இது பட்டுதானா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். என் இழப்பை நான் தாங்கிக்கொள்ள முடியும். அவருடைய இழப்போ என் மௌனத்தால் நேர்ந்தது.

அன்று நான் கற்றவை இரண்டு. ஏமாற்றுவோரின் முதல் கருவி நம் அறியாமை அன்று, நம் அவசரமே. அவர்களுடைய இரண்டாவது கருவி நம் வெட்கம். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. தறியில் பதறினால் இழை அறும். கைப்பேசியில் பதறினால் பணம் போகும்.

பணம் போய்விடுமோ?

மக்களின் முதற்கவலை இதுவே. இதற்கு விடை, பணப்பெட்டியின் சாவி நம் கையிலேயே இருக்கிறது என்பதுதான்.

2009ஆம் ஆண்டு முதலே, இணையவழியில் வங்கி அட்டையைப் பயன்படுத்தும்போது அட்டை எண் மட்டும் போதாது, இரண்டாவது சான்று ஒன்றும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. நம் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் அத்தகைய சான்றே. 2022 அக்டோபர் முதல், நம் அட்டையின் முழு எண்ணையும் கடைக்காரர்கள் தம் ஏட்டில் சேமித்து வைத்தலாகாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் ரகசியப் பின் எண் சாவியாக அமைந்துள்ளது.

இங்கே ஓர் உண்மையை நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பின் எண்ணை அழுத்துவது பணம் கொடுப்பதற்கே. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவர் கூறினால், அவர் எடுக்க வந்தவர். கொடுக்க வந்தவர் அல்லர். ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவர் வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டாலும், போலீஸ் என்று மிரட்டினாலும், அதனைச் சொல்லலாகாது. வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் தருவாருண்டோ?

மற்றொரு நல்ல வழக்கமும் உண்டு. சேமிப்பு முழுவதையும் வைத்திருக்கும் கணக்கை இணையக் கொள்முதலுக்குப் பயன்படுத்தாமல், தனியே ஒரு சிறு கணக்கைத் தொடங்கி, வேண்டிய தொகையை மட்டும் அதில் வைத்திருப்பது நன்று. சந்தைக்குப் போகிறவர் பீரோவையே தூக்கிக்கொண்டு போவதில்லை அல்லவா?

பொருள் வந்த பின் பணம் தரும் முறை முதன்முறை வாங்குவோர்க்கு ஏற்றது. ஆயினும் அதிலும் ஒரு வஞ்சகம் புகுந்துள்ளது. யாரும் கேட்காத பொட்டலம் வீட்டுக்கு வரும். வயலுக்குப் போன கணவர் வாங்கியிருப்பார் என்றெண்ணி மனைவி பணத்தைத் தந்துவிடுவார். பிரித்தால் உள்ளே கந்தல் இருக்கும். ஆகவே, பொருளுக்கு எழுதியவர் அதனை வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும். எவரும் எழுதாத பொட்டலத்தைத் தயங்காமல் திருப்பிவிட வேண்டும்.

கடை உண்மையானதா?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2020 ஜூலையில் மின்னணு வணிக விதிகள் வெளியாயின. அவற்றின்படி, இணைய அங்காடி நடத்தும் நிறுவனம் தன் சட்டப்படியான பெயரையும், அலுவலக முகவரியையும், குறை கேட்கும் அதிகாரியின் விவரத்தையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பழுதுபட்ட பொருளையோ, விளம்பரத்தில் கூறியபடி அமையாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கலாகாது.

இதிலிருந்து வாங்குவோர்க்கு ஓர் எளிய சோதனை கிடைக்கிறது. முகவரி இல்லாத கடை, வெறும் கைப்பேசி எண்ணை மட்டும் தரும் கடை, திருப்பி அனுப்பும் நிபந்தனையைச் சொல்லாத கடை ஆகியவற்றை விட்டு விலகுக. பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலித் தளங்கள் அமைப்பாரும் உளர். ஆதலால், செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு உள்ளே செல்லாமல், தளத்தின் முகவரியைத் தாமே எழுத்துக் கூட்டிச் செல்வது நலம். செய்தியோடு அனுப்பப்படும் செயலிகளைக் கைப்பேசியில் ஏற்றவே கூடாது.

"உங்கள் பார்சல் தடைப்பட்டுள்ளது, ஐந்து ரூபாய் செலுத்தினால் விடுவிப்போம்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். ஐந்து ரூபாய்தானே என்று தொடுவோர் கணக்கு விவரம் முழுவதையும் இழக்கின்றனர். தூண்டிலில் புழு சிறிதாகவே இருக்கும் என்பதைக் கடலோரத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

போலி அவசரத்தை உண்டாக்கும் கடிகாரம், கேளாத பொருளைக் கூடையில் நுழைத்தல், கடைசிப் படியில் விலையை ஏற்றுதல் முதலிய 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பரில் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன. எனினும் விதி ஏட்டில் இருக்கும். விழிப்பு நம்மிடம் இருக்க வேண்டும். இன்றே வாங்காவிட்டால் கிடைக்காது என்று ஒருவர் சொன்னால், நாளைக்கு வாங்குவதென்று தீர்மானியுங்கள். உண்மையான கடை நாளையும் இருக்கும்.

சரக்கு சரியானதா?

துணி வாங்குவோர் பெயரை மட்டும் பார்த்து மயங்கலாகாது. கைத்தறித் துணிக்கு 2006ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரையும், தூய பட்டுக்கு 2004ஆம் ஆண்டு முதல் பட்டு முத்திரையும் வழக்கில் உள்ளன. 1935இல் தோன்றிய நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இணையவழியில் விற்பனை செய்கிறது. பொருள் வந்தபின் கரையோரத்தைக் கூர்ந்து பார்த்தால், தறியில் துணியை அகலமாக இழுத்துப் பிடித்த குச்சியின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிவதுண்டு. பொட்டலத்தைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியுமாறு கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது பிற்பாடு சாட்சியாகும்.

விதை வாங்கும் விவசாயிகள் இன்னும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். புடைவை பொய்த்தால் ஒரு தீபாவளி கெடும். விதை பொய்த்தால் ஒரு போகமே கெடும். நம் திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த நிலக்கடலை இரகங்கள் டி.எம்.வி. என்ற பெயருடன் நாடெங்கும் சென்றவை. அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே. அப்பெயரை ஒரு படத்தின் மீது எழுதிவிட்டால் அது அவ்விதை ஆகிவிடாது. சான்று பெற்ற விதைப் பையில் நீல நிறச் சீட்டு இருக்க வேண்டும். அதில் இரகம், குவியல் எண், காலாவதி நாள் ஆகியவை கண்டிருக்க வேண்டும். நிலக்கடலைச் சான்று விதைக்கு முளைப்புத் திறன் 70 சதவீதத்திற்குக் குறையலாகாது. விற்பவர் விதை விற்பனை உரிமம் பெற்றவராகவும் இருத்தல் அவசியம். பில்லையும் சீட்டையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துக. ஐயமிருப்பின் பத்து நாள் முன்னதாக வாங்கி, நூறு விதைகளை ஈரச் சாக்கில் முளைக்கட்டி எண்ணிப் பார்த்து, அதன் பின் விதைக்கலாம்.

ஏமாந்துவிட்டால்?

எவ்வளவு விழித்திருந்தாலும் ஒருநாள் வலை அறுவதுண்டு. அப்போது அழுதுகொண்டு உட்காராமல், வெட்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, உடனே செய்ய வேண்டியவை உண்டு.

பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930 என்ற எண்ணை அழைத்தல் முதல் வேலை. திருடிய பணம் கணக்கிலிருந்து கணக்கிற்குத் தாவுமுன் அதனை நிறுத்தி வைப்பதற்காகவே இந்த எண் ஏற்பட்டது. இங்கு ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது. இணையக் கொள்முதலில் நாம் அவசரப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான். அடுத்ததாக வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைப் பெற வேண்டும். நம் பிழையின்றி வெளியார் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்விதி வந்தது. ஆனால் ஓ.டி.பி. எண்ணை நாமே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு நம்மையே சாரும். இழப்பு வளருமுன் தெரிவிக்க வேண்டிய காரணம் இதனால் விளங்கும்.

பொருளில் குறை, திரும்பப் பெற மறுப்பு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முன்னாளில் விற்றவர் இருக்கும் ஊரிலோ, வழக்கின் காரணம் எழுந்த ஊரிலோதான் வழக்காட வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்திலேயே மனுச் செய்ய வழி வகுத்துள்ளது. பொம்மையார்பாளையத்தார்க்குக் கடைவீதி புதுச்சேரியே ஆயினும், வசிப்பது விழுப்புரம் மாவட்டத்தில். ஆகவே, கடை பம்பாயில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும் அவர்கள் விழுப்புரத்து ஆணையத்தையே அணுகலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. காலவரை இரண்டு ஆண்டுகள்.

நாமும் விற்பவர்களே

இதுவரை வாங்குவோர் நிலையில் நின்று பேசினோம். நம் அங்கத்தினர்களோ நெய்பவர்கள், விளைப்பவர்கள். இணையச் சந்தையை மக்கள் நம்பாவிடில் நட்டம் யாருக்கு? நம் மாவட்டத்துச் சிறுவந்தாட்டில் பட்டு நெய்பவர் தம் புடைவையை நேரே தொலைதூரத்து வாடிக்கையாளருக்கு அனுப்பக்கூடிய காலம் இது. 699 ரூபாய் போலிப் பட்டில் ஒருமுறை கை சுட்டவர், அடுத்த முறை அசல் நெசவாளியின் நியாயமான விலையைக் கண்டு 'இதுவும் ஏமாற்றே' என்று ஒதுங்கிவிடுவார். ஒவ்வொரு போலிப் புடைவையும் ஓர் உண்மையான தறியை நிறுத்துகிறது.

விற்கும்போதும் கவனம் வேண்டும். மொத்தமாக வாங்குவதாகப் பேசி, முன்பணம் அனுப்புவதாகக் கூறி, ஸ்கேன் செய்யும் கட்டத்தை அனுப்புவோர் உளர். பணம் வந்ததாகக் காட்டும் படத்தை நம்பிச் சரக்கை அனுப்பலாகாது. வங்கிக் கணக்கில் தொகை ஏறியதை நாமே பார்த்த பின்னரே அனுப்ப வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது மிக எளிது. சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். யார் எந்தக் கடையில் வாங்கினார், சரக்கு எப்படி, பணம் திரும்பியதா என்பதை அங்கத்தினர்கள் அதில் எழுதலாம். கைப்பேசி அறிந்த இளைஞர் ஒருவர் வாரத்தில் ஒரு மாலை அமர்ந்து, முதியோர்க்கும் தாய்மார்க்கும் வாங்கும் முறையைக் காட்டலாம். 1930, 1915 என்ற இரு எண்களையும் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். 28 பேர் கூடி எடையைச் சரிசெய்தனர். நம் சங்கத்தார் கூடி இதனைச் சரிசெய்ய முடியாதா?

அடுத்த வீட்டு அம்மையாரிடம் அன்று நான் நடந்ததைச் சொன்னேன். "நீங்களுமா அண்ணே?" என்று முதலில் வியந்தார், பிறகு சிரித்தார். இருவருமாகச் சேர்ந்து புகார் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை. ஆனால் அதன் பின்னர் எங்கள் தெருவில் யார் எதை வாங்குவதாயினும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது வழக்கமாயிற்று. சென்ற தீபாவளிக்கு அந்த அம்மையார் தம் மகளுக்குக் கைத்தறி முத்திரையிட்ட பருத்திப் புடைவை ஒன்றை, தம் கைப்பேசியிலேயே, தாமே தேடி வாங்கினார். பொட்டலம் வந்ததும் கரையைத் திருப்பிப் பார்த்து, முத்திரையைப் படித்து, ஓர் இழையை எரித்துப் பார்த்த பின்னரே மகளிடம் கொடுத்தார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் அதே கண்தான் அது. பார்க்கும் இடம் மட்டுமே புதிது.